இரண்டு முறை ஒலித்த குரல்

"நீதானப்பா ரெண்டு தடவ சொன்னே. அதான் ரெண்டு தடவ போட்டேன்."

அம்மா இதைச் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. பக்கத்து வீட்டு மாக்சிக் சீனி கூடப் போட்டுக் கலக்கிக் கொடுத்த தே ஓ வேலை செய்யத் தொடங்கியிருந்தது. கை நடுக்கம் நின்றுவிட்டது, வியர்வை மட்டும் இன்னும் காயவில்லை என்றார்.

நான் கோலாலம்பூரில் ஒலிபரப்பு அறைக்கு வெளியே, நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். காலை நிகழ்ச்சி பத்து மணிக்குத்தான் முடிந்திருந்தது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தால் தவறிய அழைப்புகள் ஐந்து. ஐந்தும் பாயா ரும்புட்டிலிருந்து.

அம்மா அன்று காலை சர்க்கரை மாத்திரையை ஏழரைக்கு ஒருமுறை, ஒன்பதுக்கு ஒருமுறை என இரண்டு தடவை போட்டிருந்தார். இரண்டு தடவையும் போடச் சொன்னது என் குரல். அந்தக் குரலை அப்படிச் சொல்லவைத்தது நான் எழுதிய பத்து வரி நிரல்.

வானொலிக்காரன் எழுதிய நிரல்

பாயா ரும்புட் மலாக்காவில் செங், சுங்கை ஊடாங் பக்கம் இருக்கிறது. பாயா என்றால் சதுப்பு, ரும்புட் என்றால் புல். பெயரில் புல் இருந்தாலும் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது பால்மரம்தான். அம்மா தோட்டத்தில் பால் வெட்டினார். லயத்து வாழ்க்கை முடிந்து, தாமானில் ஒரு சிறிய வீட்டுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அப்பா இல்லை. அக்கா ஜொகூரில் இருக்கிறாள், நான் தலைநகரில். வீட்டில் அம்மா மட்டும்தான்.

அவர் மாத்திரை போட வேண்டியது காலை ஏழரைக்கும் இரவு ஏழரைக்கும். இரவில் நான் கூப்பிட்டு நினைவுபடுத்திவிடுவேன். காலை ஏழரைக்கு நான் ஒலிவாங்கியின் முன்னால் இருப்பேன். ஊருக்கெல்லாம் 'காலை வணக்கம்' சொல்லுகிற எனக்குப் பெற்ற தாயிடம் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்க நேரமில்லை. அதனால் ஒரு யோசனை செய்தேன். பழைய டேப்லெட் ஒன்று சும்மா கிடந்தது. "அம்மா, மாத்திரை நேரம். சாப்பாட்டுக்கு முன்னால போட்டுருங்க" என்று என் குரலைப் பதிவு செய்து, குறித்த நேரத்தில் அது தானாக ஒலிக்கும்படி ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தேன்.

நான் படித்தது ஊடகவியல். கணினி என் துறை இல்லை. ஆனால் இணையப் பக்கங்களை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பட்டறிவால் கற்ற கொஞ்சம் பழக்கம் இருந்தது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரண்டன் ஐக் என்பவர் இந்த மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். இன்று நீங்கள் திறக்கும் ஏறக்குறைய எல்லா இணையப் பக்கத்திலும் அது ஓடுகிறது. விற்பனை முடிய இன்னும் இத்தனை விநாடி என்று ஓடும் எண், தானாக மாறும் விளம்பரப் படம், நீங்கள் எதையும் தொடாமலே புதுப்பிக்கப்படும் பந்தாட்ட முடிவு எல்லாவற்றுக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரு டைமர் இருக்கும்.

அந்த மொழியில் இதற்கென்றே 'செட்இன்டர்வல்' என்று ஒரு கட்டளை உண்டு. அதனிடம் இரண்டு விஷயங்களைக் கொடுக்க வேண்டும். ஒன்று, செய்ய வேண்டிய வேலை. இதைச் செயற்கூறு என்பார்கள். மற்றொன்று, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பது. நேரத்தை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்ல வேண்டும். ஒரு விநாடி என்றால் 1,000. பன்னிரண்டு மணி நேரம் என்றால் 4 கோடியே 32 இலட்சம்.

ஒருமுறை மட்டும் செய்தால் போதும் என்றால் 'செட்டைம்அவுட்'. தொடர்ந்து செய்ய 'செட்இன்டர்வல்'. நிறுத்த 'கிளியர்இன்டர்வல்'. இந்த மூன்றும்தான் மொத்தப் பாடம். அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். எனக்குப் புரிய அம்மாவின் மூன்று சங்கடங்கள் தேவைப்பட்டன.

முதல் சங்கடம்: தட்டுவதை எண்ணினேன்

முதலில் நான் எழுதியது இப்படி: விநாடிக்கு ஒருமுறை டைமர் தட்டட்டும், ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்றைக் கூட்டு, 43,200 ஆனதும் குரலை ஒலிக்கவிடு. கணக்குச் சரிதான். பன்னிரண்டு மணி நேரத்தில் 43,200 விநாடிகள் இருக்கின்றன.

இரண்டாம் நாளே குரல் தாமதமாக வந்தது. மூன்றாம் நாள் வரவே இல்லை. எங்கள் நிலையத்தில் ஒலிபரப்புக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் அண்ணனிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"தம்பி, ஒரே கவுண்டர் உள்ள கிளினிக்குக்குப் போயிருக்கியா?"

"போயிருக்கேன் அண்ணே."

"உன் நம்பர் எட்டு மணிக்கு வரணும். ஆனா முன்னால இருக்கிறவரு டாக்டர்கிட்ட பேசிக்கிட்டே இருக்காரு. என்ன ஆகும்?"

"நான் காத்திருக்கணும்."

"அதேதான். பிரவுசர்ல உன் பக்கத்துக்கு ஒரே கவுண்டர்தான். டைமர் உனக்கு நம்பர் மட்டும்தான் குடுக்கும். கவுண்டர் எப்போ காலியாகுமோ அப்போதான் உன் வேலை நடக்கும்."

'ஆயிரம்' என்று எழுதினால் 'சரியாக ஒரு விநாடியில்' என்று பொருளில்லை. 'ஒரு விநாடிக்குக் குறையாமல், முடிந்தபோது' என்றுதான் பொருள். அதோடு, ஒரு பக்கம் திரையில் தெரியாமல் பின்னால் போய்விட்டால், மின்கலத்தை மிச்சப்படுத்த பிரவுசர் அதன் டைமரை வேண்டுமென்றே மெதுவாக்கும். 2021இல் வந்த குரோம் 88ஆம் பதிப்பிலிருந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தின் டைமரை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே தட்டவிடுவதும் உண்டு. அம்மாவோ அந்த டேப்லெட்டில் பழைய பாட்டுக் கேட்கப் பழகியிருந்தார். அவர் பாட்டுக்குப் போன நேரமெல்லாம் என் எண்ணிக்கை தூங்கிவிட்டது.

இது வீட்டோடு போகிற தவறு இல்லை. 1991 பிப்ரவரி 25ஆம் நாள், வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படைவீரர்கள் தங்கியிருந்த கூடத்தின்மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் இறந்தார்கள். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் தற்காப்புச் சாதனம் அங்கே இருந்தது, இயங்கிக்கொண்டும் இருந்தது. ஆனால் அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி வீதம் எண்ணிக்கொண்டிருந்தது. பத்தில் ஒன்று என்பதைக் கணினியின் இரும எண்முறையில் முழுமையாக எழுத முடியாது. நமக்கு மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போவதுபோலத்தான். ஒவ்வொரு முறையும் வெட்டிவிடப்பட்ட துளி சேர்ந்து, சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடிய பிறகு, மூன்றில் ஒரு விநாடி அளவுக்குப் பிழை ஆகிவிட்டது. விநாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஏவுகணைக்கு அது அரைக் கிலோமீட்டருக்கும் மேலான தூரம். சாதனம் வானில் தவறான இடத்தில் தேடியது. பிழையைத் திருத்திய நிரல் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

அதன் காரணமும் என் காரணமும் ஒன்றல்ல. அங்கே ஒவ்வொரு தட்டிலும் ஒரு துளி குறைந்தது, இங்கே தட்டுகளே தவறிப்போயின. ஆனால் இரண்டு இடத்திலும் நேரத்தைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல், கூட்டிக்கொண்டே போன கணக்கை நம்பினார்கள்.

இரண்டாம் சங்கடம்: நிறுத்தாமல் தொடங்கினேன்

எண்ணுவதை விட்டேன். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒலி என்று நேராகவே எழுதினேன். பக்கத்தில் 'தொடங்கு' என்று பெரிய பச்சைப் பொத்தான் வைத்தேன். "ராத்திரி ஏழரைக்கு மாத்திரை போடும்போது இத ஒருதடவ அழுத்துங்கம்மா, பிறகு அதுவே பார்த்துக்கும்" என்றேன்.

அம்மா ஏழரைக்கு அழுத்தினார். ஒன்பது மணிக்கு டேப்லெட்டைத் துணியால் துடைத்தார். மகன் செய்து கொடுத்த பொருள் ஓடுகிறதா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை அழுத்தினார்.

செட்இன்டர்வல் மறுப்புச் சொல்லாது. "ஏற்கெனவே ஒன்று ஓடுகிறதே" என்று கேட்காது. இரண்டாவது டைமரைத் தொடங்கிவிடும். பத்து முறை அழுத்தினால் பத்து டைமர் ஓடும். ஒவ்வொன்றையும் தொடங்கும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தரும், டோக்கன் மாதிரி. அந்த எண்ணைப் பத்திரமாக வைத்திருந்து கிளியர்இன்டர்வலிடம் கொடுத்தால்தான் அது நிற்கும். நான் அந்த எண்ணை வாங்கவே இல்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு முதல் டைமர் என் குரலை ஒலித்தது. அம்மா மாத்திரை போட்டார். ஒன்பது மணிக்கு இரண்டாவது டைமர் ஒலித்தது. அம்மா யோசித்தாராம், "இப்பத்தானே போட்டோம்" என்று. "நீ சொல்றப்ப சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். என்னைச் சுட்டது அந்த வார்த்தைதான். அம்மாவின் சொந்த நினைவு சரியாக இருந்தது. என் குரலை நம்பி அவர் தம் நினைவைத் தள்ளிவைத்தார்.

இந்தச் சம்பவத்திலிருந்து எல்லாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை கூடிப்போனால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் வரும். நினைவோடு இருக்கும்போதே இனிப்பான பானம் கொடுக்க வேண்டும், பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும், உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும். மாத்திரையின் வேகம் நீடிக்கும் என்பதால், நடுக்கம் நின்றதும் விட்டுவிடக்கூடாது. அன்று மாக்சிக் அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய், நண்பகல் வரை கூடவே உட்கார்ந்திருந்தார். அவரிடம் எந்த டைமரும் இல்லை. வழக்கமாகக் காலையில் வாசல் கூட்டும் அம்மாவைக் காணோமே என்று எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

மூன்றாம் சங்கடம்: முப்பது நாள் எங்கே போனது?

பொத்தானைச் சரிசெய்தேன். தொடங்கும் முன் பழையதை நிறுத்து என்று ஒரு வரி சேர்த்தேன். அதோடு இன்னொரு வசதியும் வைத்தேன். முப்பது நாளுக்கு ஒருமுறை, "அம்மா, கிளினிக்குப் போகணும்" என்று நினைவூட்ட வேண்டும். முப்பது நாள் என்றால் 259 கோடியே 20 இலட்சம் என்று எழுதினேன்.

தொடங்கிய அந்தக் கணமே குரல் ஒலித்தது. பிறகு மீண்டும், மீண்டும். "அம்மா, அம்மா, அம்மா" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை அழுவதுபோல. அம்மா டேப்லெட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு எனக்குப் போன் போட்டார்.

பிரவுசரின் டைமரில் வைக்கக்கூடிய மிகப்பெரிய எண் 2,147,483,647. நாளாக மாற்றினால் 24.8. அதற்கு மேல் போனால் எண் சுருண்டு, காத்திருக்க வேண்டிய நேரம் இல்லாமலே போகிறது. 'இப்போதே செய், செய்துகொண்டே இரு' என்று ஆகிவிடுகிறது.

இதே எண் வானத்திலும் ஆளை மிரட்டியிருக்கிறது. 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகள் 248 நாள் தொடர்ந்து இயங்கினால் அவற்றின் எண்ணி நிரம்பி வழியும், விமானம் மாற்றுமின்சாரம் முழுவதையும் இழக்கக்கூடும், ஆகவே அதற்கு முன்பே மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள் என்றது. நூறில் ஒரு விநாடிக்கு ஒன்று என எண்ணினால், நான் மேலே சொன்ன அந்த எண்ணும் சுமார் 248 நாளில்தான் தீரும்.

மரம் வெட்டியவர் சொன்னது

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். நடந்ததையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். டைமர் என்றால் குறித்த நேரத்துக்கு ஒருமுறை வந்து கதவைத் தட்டுகிற ஆள் என்றேன். அவர் காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"தோட்டத்துல பெரட்டு மணி மாதிரியா?"

"ஆமாம்மா, அதே மாதிரிதான்."

"மணி அடிச்சா பெரட்டுக் களத்துக்குப் போவோம். மணி அடிச்சிருச்சேன்னு மரத்த வெட்ட மாட்டோம்பா. பட்டையத் தொட்டுப் பாப்போம். மழ பேஞ்சு ஈரமா இருந்தா காத்திருப்போம். நேத்து வெட்டுன மரமா இருந்தா தொடவே மாட்டோம்."

நான் அரைமணி நேரம் சுற்றி வளைத்துச் சொன்னதை அவர் நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

பால் வெட்டு என்பதே இடைவெளியின் தொழில். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை 1888 முதல் நடத்திய ஹென்றி ரிட்லி, மரத்தைக் கண்டபடி கொத்தாமல், முன்பு வெட்டிய காயத்திலேயே மெல்லிய சீவலாகச் சீவினால் மரம் சாகாது, பாலும் கூடும் என்று காட்டினார். அவர் பேச்சை நம்பி, 1896இல் டான் சாய் யான் இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுதான். வெட்டிய மரத்துக்குப் பால் மறுபடி ஊற நேரம் வேண்டும். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. பேராசைப்பட்டு அடிக்கடி வெட்டினால் பட்டை மரத்துப்போய்ப் பால் நின்றுவிடும். விடியலுக்கு முன் போவதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருப்பதால் பால் நன்றாக ஓடும்.

அம்மா இன்னொன்றும் சொன்னார். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்குத் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரைமணி முன்னால் தள்ளப்பட்டன. பதினொன்றரை நள்ளிரவு ஆனது. சபா, சரவாக்கோடு நாடு முழுவதும் ஒரே நேரம் என்றானது. அப்போது அம்மா புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம்பெண். "சனவரில பெரட்டு மணி பழைய மணிக்கே அடிச்சிச்சு. ஆனா இருட்டு கூட இருந்துச்சு. மணி மாறிருச்சு, மரத்துக்குத் தெரியல" என்றார்.

இப்போது எப்படி?

அன்று மாலை வீட்டு மேசையில் உட்கார்ந்து நிரலை முழுவதுமாக மாற்றினேன். இப்போது டைமர் நிமிடத்துக்கு ஒருமுறை தட்டுகிறது. அது தட்டுவதைத் தவிர வேறெதையும் செய்வதில்லை. தட்டியதும் நிரல் டேப்லெட்டின் உண்மையான கடிகாரத்தைப் பார்க்கிறது. ஏழரை ஆகிவிட்டதா? இந்த வேளைக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்றா? அம்மா 'போட்டாச்சு' பொத்தானை அழுத்திவிட்டாரா? பட்டையைத் தொட்டுப் பார்க்கிற வேலைதான் இது. நடுவில் பக்கம் தூங்கிப் பத்துத் தட்டுகள் தவறினாலும் கவலையில்லை. விழித்ததும் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகிவிடும். கிளினிக் நாளும் இப்படியே. முப்பது நாளை எண்ணுவதில்லை, இன்றைய தேதி அந்தத் தேதிதானா என்று மட்டும் பார்க்கிறது.

நிரல் எழுதப் பழகும் தம்பி தங்கைகளுக்கு, என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். தட்டுகளை எண்ணி நேரம் கணக்கிடாதீர்கள், ஒவ்வொரு தட்டிலும் கடிகாரத்தைக் கேளுங்கள். தொடங்கும் டைமரின் எண்ணை வாங்கி வையுங்கள், புதிதாகத் தொடங்குமுன் பழையதை நிறுத்துங்கள். ஒரு வேலை முடிய அதன் இடைவெளியைவிட அதிக நேரம் ஆகக்கூடும் என்றால் செட்இன்டர்வலை விட்டுவிடுங்கள். வேலை முடிந்த பிறகு அடுத்ததற்கு ஒரு செட்டைம்அவுட் வையுங்கள், நெரிசல் வராது. செயற்கூற்றின் பெயரைக் கொடுக்கும்போது பக்கத்தில் அடைப்புக்குறி போடாதீர்கள். போட்டால் வேலை அப்போதே ஒருமுறை நடந்து முடிந்துவிடும், டைமர் வெறுங்கையோடு நிற்கும்.

நிரல் எழுதாத குடும்பங்களுக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது. மருந்து விஷயத்தில் இணையப் பக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். கைப்பேசியிலேயே இருக்கும் அலாரம் பக்கம் தூங்கினாலும் ஒலிக்கும். அதோடு கிழமைவாரியாக, காலை மாலை என்று அறை பிரித்த மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள். அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று என்று பொருள். எந்தக் குரல் என்ன சொன்னாலும் பெட்டி பொய் சொல்லாது. அம்மாவிடம் இப்போது மூன்றும் இருக்கின்றன.

அவர் 'போட்டாச்சு' பொத்தானை அழுத்தியதும் என் கைப்பேசிக்கு ஒரு சிறு செய்தி வரும்படி பொறியாளர் அண்ணன் அமைத்துத் தந்தார். எட்டு மணிக்குள் அது வராவிட்டால் நான் ஒரு நீளமான பாட்டைப் போடுவேன். நாலரை நிமிடம் கிடைக்கும். நடைபாதைக்கு வந்து ஊருக்கு அழைப்பேன்.

போன வாரமும் அப்படித்தான் அழைத்தேன். அம்மா எடுத்ததும் நான் பேசுமுன்பே அவர் பேசினார்.

"போட்டுட்டேன்பா. வாசல் கூட்டிக்கிட்டிருந்தேன், பட்டன அழுத்த மறந்துட்டேன். ரேடியோல உன் பாட்டு முடியப் போவுது, ஓடு."